குறுங்காடு வளர்க்க மக்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுங்காடு என்பது சின்ன இடத்தில் கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் காடு. நடும் நாளில் நூறு பேர் கூடினார்கள் என்பதை வைத்து அந்தக் காடு பிழைக்கும் என்று சொல்லிவிட முடியாது. முதல் கோடையில் குழாயைத் திறந்து தண்ணீர் விட யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. அன்றைக்கு ஆள் வேண்டுமென்றால், மண்வெட்டியைத் தொடுவதற்குப் பல மாதங்கள் முன்பே அவர்கள் இந்த வேலைக்குள் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வழக்கமாக என்ன நடக்கிறது? இடம், வடிவம், மர வகை எல்லாவற்றையும் ஒரு சின்னக் குழு முடிவு செய்துவிட்டு, அப்புறம் அக்கம்பக்கத்தாரை நடுவதற்கு மட்டும் கூப்பிடுகிறது. சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் நிலத்தை யாராவது எதற்காவது பயன்படுத்திக்கொண்டுதான் இருப்பார்கள். பிள்ளைகள் விளையாடுவார்கள், பெரியவர்கள் குறுக்கு வழியாக நடப்பார்கள். காலை, மாலை, இரவு என வெவ்வேறு நேரத்தில் போய் நின்று பாருங்கள். ஒற்றையடிப் பாதை கண்ணில் பட்டால், வரைபடத்திலேயே அதைப் பாதையாக விட்டுவிடுங்கள். மறித்து வேலி போட்டால் வேலியும் உடையும், கன்றும் மிதிபடும்.

பாம்பு வரும், கொசு பெருகும், இருட்டில் யாராவது ஒளிந்திருப்பார்கள் என்று சொல்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது இன்னும் பெரிய தவறு. இரவில் தனியாக அந்த வழியே நடக்கும் பெண்கள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். பாதையை ஒட்டி இடுப்பளவு வளரும் செடிகளை மட்டும் வைத்து உயர்ந்து வளர்பவற்றை உள்ளே தள்ளலாம், தெருவிளக்கை மறைக்காதபடி எல்லையைப் பின்னுக்கு இழுக்கலாம், தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்க்கலாம். அவர்கள் சொல்லித்தான் மாற்றினோம் என்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும்.

மர வகை விஷயத்தில், நர்சரியில் எது கிடைக்கிறதோ அதை வாங்கி நடுவதுதான் அதிகம் நடக்கிறது. இன்று பலரும் பின்பற்றுவது ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) உருவாக்கிய முறை. அதிலிருந்து சதுர மீட்டருக்கு 3 கன்று என்ற நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மனிதர் கை படாமல் இருந்திருந்தால் அந்த மண்ணில் எந்தக் காடு இருந்திருக்கும் என்று அவர் முதலில் தேடினாரே, அதை விட்டுவிடுகிறோம். ஜப்பானில் கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விட்ட பழைய தோப்புகளில் அவருக்குத் தடயம் கிடைத்தது. இந்தத் தேடலுக்குத்தான் மக்கள் மிகவும் தேவை. எந்த மரம் முன்பு எங்கே நின்றது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மிச்சமிருக்கும் தோப்பில் விதை பொறுக்கப் பிள்ளைகள் ஆசையாக வருவார்கள். விதையிலிருந்து வளர்த்த கன்றை யாரும் அவ்வளவு சுலபத்தில் வாடவிட மாட்டார்கள். பழ மரம் கேட்பவர்களிடம் கூடாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், அந்த மண்ணுக்கே உரிய பழ மரங்களைத் தேடிக் கொடுங்கள். ஒன்று மட்டும் கறாராக இருங்கள்: இயற்கையான புல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் காடு நடக் கூடாது. அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களை அது விரட்டிவிடும்.

நடும் நாளில் கூட்டம் கூடக் கூடக் கவனம் குறையும். பையைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்குகிறார்கள், அல்லது தண்டைப் பிடித்து இழுத்து வேரைச் சுற்றியிருக்கும் மண்கட்டியை உதிர்த்துவிடுகிறார்கள். பையின் பக்கவாட்டைக் கீறி, அடியில் சுருண்டு கிடக்கும் வேரைப் பிரித்துவிட்டு, தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்துக்கு வரும்படி வைக்க வேண்டும். அதைவிட ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகலாம். ஈரம் காயாமலிருக்க மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கையும் தண்டில் ஒட்டாமல் விரல் அளவாவது இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். நாலைந்து பேருக்கு ஒருவர் என்று விவரம் தெரிந்த ஆளை நிறுத்தினால் போதும். இறுகிய மண்ணைக் கிளறி எரு கலக்கும் வேலையை மட்டும் நடும் நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம் அளவு. நெதர்லாந்தின் சான்டாம் நகரில் 2015-இல் தொடங்கிய 'சிறு காடு' முயற்சியில் ஒரு காடு டென்னிஸ் மைதானம் அளவுதான் இருக்கும். இருக்கிற ஆட்கள் களை எடுக்க முடிகிற அளவுக்கு மேல் நடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீரும் களையெடுப்பும் கட்டாயம். அதை 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எந்த வாரம் யார், குழாய்ச் சாவி யாரிடம், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதைப் பெயரோடு எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு கன்றின் அருகிலும் ஒரு குச்சி நட்டால், புதிதாகக் களை எடுக்க வருபவர்கள் கன்றையே பிடுங்கிப் போடுவது குறையும்.

நெருக்கி நட்ட காட்டில் சில கன்றுகள் ஒளிக்குப் போட்டி போட்டுத் தானாகவே சாகும். முன்கூட்டிச் சொல்லவில்லையென்றால், எல்லாம் வீணாகிவிட்டது என்று மனம் விட்டுப் போகிறவர்கள் நிறைய. அதேபோல், துப்புரவாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடு சருகைக் கூட்டிக் கொளுத்துபவர்களும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். சருகை ஒதுக்கிக் காட்டி, அடியில் இருக்கும் ஈரத்தை அவர்கள் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.