முட்டு (ஆஸ்துமா) வருத்தத்துக்கு வைத்தியம் சரியா நடக்குதா எண்டு வீட்டிலயே கணக்குப் பாக்கிறது எப்பிடி

எங்கட அம்மாவுக்கு முட்டு. மாசா மாசம் கிளினிக்குக்குப் போவா, டொக்டர் எப்பிடி இருக்கு எண்டா "பரவாயில்ல" எண்டுவா, அதே மருந்த வாங்கிக்கொண்டு வந்து ரா ரெண்டு மணிக்கு கட்டில்ல குந்திக்கொண்டு இழுப்பா. ஆஸ்பத்திரியில மெஷினால மருந்து ஆவி பிடிச்சா இழுப்பு நிக்குந்தான், ஆனா ஆவி பிடிக்கிற அளவுக்கு ஆள விடாம வச்சிருக்கிறதுதான் நல்ல வைத்தியம்.

சாமிப்படக் கலண்டர் ஒண்டு போதும். பகல்ல இழுத்தா, ராவில முழிச்சா, நீல பம்ப் (இழுப்பு வரேக்க உடன அடக்க அடிக்கிறது) அடிச்சா, அண்டண்டைக்கே கோடு போடுங்கோ. நாலு கிழமை முடிய பாருங்கோ: பகல் இழுப்பு கிழமைக்கு ரெண்டு தரத்துக்கு மேலயா, இழுப்பால ஒரு ராவாவது முழிச்சதா, நீல பம்ப் கிழமைக்கு ரெண்டு தரத்துக்கு மேலயா, முட்டால ஏதும் வேலை தடைப்பட்டதா. நாலுக்கும் இல்லை எண்டா கட்டுப்பாட்டில இருக்கு, 1 அல்லது 2 ஓம் எண்டா அரைகுறை, 3, 4 எண்டா கட்டுப்பாடே இல்ல. கச்சான் காத்து புழுதிய அள்ளிக்கொண்டு வாற நாளையும், மாரியில சுவர் பூஞ்சணம் பிடிக்கிற நாளையும் பக்கத்தில எழுதி வையுங்கோ.

மருந்தக் கூட்டச் சொல்லிக் கேக்க முதல் பம்ப் அடிக்கிறதப் பாருங்கோ, இதுதான் முக்கியம். அம்மா குலுக்கவே மாட்டா, வாய அரைவாசி திறந்து அடிப்பா, வெள்ளைப் புகை மேலுதட்டால வெளியில போகும். குலுக்கி, மூச்ச முழுக்க வெளியில விட்டு, உதட்டால இறுக்கிப் பிடிச்சு, மெதுவா இழுக்கத் தொடங்கேக்க அமத்தி, 10 செக்கன் மூச்சப் பிடிக்கோணும். ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில பூட்டுற குழாய்) இருந்தா இன்னும் சுகம். ஸ்டீரொயிட் பம்ப் (இழுப்பு வராமத் தடுக்க நாளாந்தம் அடிக்கிறது) அடிச்சா வாய் கொப்புளிச்சுத் துப்போணும், இழுப்பு இல்லாத நாளும் அந்தப் பம்ப்ப விடக்கூடாது. அத ஒழுங்கா அடிக்கினமோ எண்டதுக்கும் கணக்கு இருக்கு: 200 தரம் அடிக்கிற பம்ப், காலை 2 பின்னேரம் 2 எண்டா 50 நாளில முடியோணும், மூண்டு மாசமாகியும் அதே பம்ப் எண்டா அடிக்கேல்ல. நீலம் வருசத்தில 3 முடிஞ்சாலே டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

ஒரு வசனம் முழுசாக் கதைக்க ஏலாட்டி, உதடு நீலம் பாரிச்சா, நீல பம்ப்புக்கும் அடங்காட்டி கலண்டரப் பாக்காதீங்கோ, உடன பெரியாஸ்பத்திரி.

போன தரம் கலண்டரக் கழட்டி கிளினிக் கொப்பியோட குடுத்துவிட்டன். டொக்டர் கோடுகள எண்ணிப் பாத்திட்டு மருந்த மாத்தினார். இந்த மாசம் ரா முழிச்சது ஒரே ஒரு நாள்.