அறைத்தோழர் காலி செய்யும்போது: வாடகைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறும்போது மூளும் சண்டைகளில் பெரும்பாலானவை, இரண்டு கணக்குகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை. வீட்டு உரிமையாளரோடு உள்ளது ஒரு கணக்கு. நண்பர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது வேறு கணக்கு.

"என் பங்கைக் கொடுத்துவிட்டேன், மீதியை அவரிடம் கேளுங்கள்" என்று உரிமையாளரிடம் சொல்வது முதல் தவறு. மூன்று நண்பர்கள் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பொறுப்பு தனித்தனி என்று எழுதப்படாதவரை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி, முழு வாடகையையும் அவர்களில் எவரிடம் வேண்டுமானாலும் உரிமையாளர் கேட்கலாம். கொடுத்தவர் மற்றவர்களின் பங்கை அவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் அதே பிரிவு வழி செய்கிறது. ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் (நடப்பில் இதுவே அதிகம்) உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மற்றவர்கள் தங்கள் அட்வான்ஸை அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

போகிறவர், தம் இடத்துக்கு வருகிறவரிடமே அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புவது வழக்கமாகிவிட்டது. இது வசதியான ஏற்பாடுதான். ஆனால் பெயிண்டிங் செலவை மறந்துவிடுகிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 24,000 ரூபாய், அட்வான்ஸ் 1,20,000, ஆளுக்கு 40,000. இரண்டு ஆண்டுகள் இருந்தவர் புதியவரிடம் 40,000 ரூபாயை முழுதாகப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். நான்கு மாதம் கழித்து எல்லோரும் காலி செய்கையில், பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை உரிமையாளர் பிடித்துக்கொள்கிறார். ஆளுக்கு 8,000 ரூபாய் குறைகிறது. நான்கே மாதம் குடியிருந்தவர், இன்னொருவர் இரண்டு ஆண்டுகள் அழுக்காக்கிய சுவருக்கும் சேர்த்துப் பணம் இழக்கிறார். மாதக் கணக்கில் பிரித்தால் அந்த 8,000 ரூபாயில் ஏறத்தாழ 6,850 பழையவருடையது. ஒருவர் கிளம்பும் நாளில், வீட்டை எல்லோரும் எப்போது காலி செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாதுதான். ஆனாலும் ஒரு தொகையைப் பேசி நிறுத்திவைத்து, அதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது, பிறகு முகம் முறித்துக்கொள்வதைவிட மேல்.

மின் கட்டணத்திலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், இடையில் போகிறவர் அன்றைய மீட்டர் அளவைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

உரிமையாளருக்குச் சொல்லாமல் ஆளை மாற்றுவது, மேலே சொன்னவற்றைவிட ஆபத்தானது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ பிறருக்கு விடுவதை, வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. தொலைபேசியில் "சரி, பரவாயில்லை" என்று அவர் சொன்னது போதாது; புதியவரின் பெயரோடு ஒப்பந்தத்தை மாற்றி எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. கையெழுத்திட்டவரே போகிறார் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒருவர் போன மாதத்தில் பணம் போதாமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாடகையை நிறுத்திவிடுவோரும் உண்டு. உரிமையாளர் ஒப்புக்கொள்ளாதவரை அது நிலுவையாகவே நிற்கும். இரண்டு மாத நிலுவை சேர்ந்து, அறிவிப்பு வந்த பிறகும் கட்டாவிட்டால், தம் பங்கை ஒழுங்காகக் கொடுத்தவரும் வீட்டை இழக்க நேரிடும். பாக்கி வைத்தார் என்பதற்காக, போகிறவரின் மடிக்கணினியையோ சான்றிதழ்களையோ பிடித்து வைத்துக்கொள்வது கூடவே கூடாது. பாக்கி கேட்க வேண்டியவர் புகாருக்கு ஆளாகிவிடுவார்.

வாடகைச் சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் தவறு. அவருடைய வேலை உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான வழக்கு. நண்பர்களின் பாக்கி சாதாரண உரிமையியல் விவகாரம். அதற்கு மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. வழக்குப் போடும் முன்பே, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே கொண்டுபோக வேண்டியவை ஒப்பந்த நகல், பணம் அனுப்பிய வங்கி விவரம், காலி செய்த தேதியைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தி ஆகியவை.