மொட்டைமாடியை நம்பாதீர்கள், மலையைப் பாருங்கள்

நெல்லையில் ராத்திரி வெள்ளத்தை மொட்டைமாடியில் நின்று கணிக்க முடியாது. டவுனில் தூறல்கூட இல்லாதபோதும் மலைமேல் இருக்கும் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கில் கொட்டுவது தாமிரபரணிக்குத்தான் வந்து சேரும். படுக்கும் முன் மலைப்பகுதி மழையளவையும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையும் கைபேசியில் பார்த்துவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்; 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 பெய்ததே!

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கை குறையக் குறைய இடி நெருங்குகிறது.

தாமிரபரணி ஆற்றில் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதா? ஆற்றோரம் நிறுத்திய வண்டியை அப்போதே மேட்டுக்கு ஏற்றுங்கள். விடியட்டும் என்று ஒருமுறை விட்டுவைத்தேன். சைலன்சர் நிறையச் சேறு.