கல்லீரல் சுருக்கம் வந்தவருக்கு என்ன சமைப்பது?

கல்லீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் முட்டையும் பருப்பும் நின்றுபோகும். ரசம் சாதம், கஞ்சி என்று பத்தியம் ஆரம்பித்துவிடும். சேலத்துப் பக்கம் கூடவே ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்துதான். அதையே மூன்று வேளையும் கொடுத்தால் ஆளின் சதை கரையும். இந்த நோய்க்குப் பட்டினிப் பத்தியம் ஆகாது.

1. எந்தக் கட்டம் என்று கேளுங்கள்

வெறும் கொழுப்புக் கல்லீரல் என்றால் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதே நல்ல வைத்தியம். கீழே இருப்பது அவர்களுக்கு அல்ல, சுருக்கம் (சிரோசிஸ்) வந்தவர்களுக்கு.

2. உப்பைக் காலையிலேயே அளந்து வையுங்கள்

வயிற்றிலோ காலிலோ நீர் கோர்த்திருந்தால், நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராம் உப்புதான், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். குழம்பு கொதித்ததும் உப்புப் போடும் முன் அவருக்கு வேண்டியதை வேறு பாத்திரத்தில் எடுத்து, கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை போடுங்கள். கிண்ணம் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. வெளியில் வாங்கும் பண்டங்களில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில்தான் வரும் என்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் போயின. தட்டுவடை செட்டும்தான். சேலத்துக்காரரிடம் அதை விடச் சொல்வது கொடுமை, வேறு வழியில்லை.

சப்பென்று இருக்கிறதா? எலுமிச்சை பிழியுங்கள், ஏற்காட்டு மிளகைப் பொடித்துத் தூவுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும்; நீர் வடிய ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. உப்பில்லை என்று அவர் சாப்பாட்டையே குறைத்துவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. புரதத்தைக் குறைக்காதீர்கள்

ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஆகவே பருப்பு, தயிர், சுண்டல், மீன், கோழி என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது இருக்க வேண்டும். கல்லீரல் கெட்டதால் மூளைக் குழப்பம் (நினைவும் பேச்சும் தடுமாறுவது) வந்தவருக்குக் கறியைவிடப் பருப்பும் பாலும் தயிரும் நல்லது.

4. படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி

சுருங்கிய கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ஒரு ராத்திரிப் பட்டினியே மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். உடம்பு தன் சதையைத்தான் எரிக்கும். ஆகவே இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் சாப்பிட்டே படுக்க வேண்டும். பாலில் வேகவைத்த ஜவ்வரிசிக்கு இதுதான் சரியான நேரம். சர்க்கரை நோயும் இருந்தால் சுண்டலும் பாலும் போதும். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் என்றால், வீட்டில் வேறு யாராவது இருக்கட்டும்.

5. மற்றவை

மது ஒரு சொட்டும் கூடாது. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். பாராசிட்டமால்கூட டாக்டர் சொன்ன அளவில்தான். நாட்டு மருந்து எடுப்பதானால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். காபி குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லதுதான். சேர்வராயன் மலைக் காபியே கிடைக்கிறதே, சர்க்கரை இல்லாமல் குடியுங்கள்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வையுங்கள். சில நாளிலேயே இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர், டாக்டரைப் பாருங்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சுக் குழறல், ரத்த வாந்தி, கருப்பு மலம், காய்ச்சலோடு வயிற்று வலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.