பள்ளி முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, அடுத்து என்ன படிக்கலாம் என்று பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. போன வாரம் ஒரு பெண், "கணக்கை விட்டுட்டேன் சார், சைக்காலஜிக்கு அது எதுக்கு?" என்றாள். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பதினாறு வயதில் நானும் கிட்டத்தட்ட இதே வசனத்தைத்தான் பேசினேன். விண்ணப்பத்தில் பெயரைத் தப்பாக எழுதுவது, கடைசி நாளைக் கோட்டைவிடுவது, இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நான் வேறு சிலதைச் சொல்கிறேன்.

வாசலில் என்ன கேட்பார்கள் என்று பார்க்காமல் கிளம்புவது

என்னை இன்னும் கடுப்பேற்றுவது இதுதான். கோர்ஸ் பெயர், வேலை, சம்பளம் எல்லாம் தேடித் தேடிப் படிப்பார்கள், உள்ளே நுழைய என்ன தகுதி என்ற ஒரு பக்கத்தை மட்டும் திறக்க மாட்டார்கள். மதிப்பெண் குறைந்துவிடும் என்ற பயத்தில் நான் கணக்கை விட்டேன். இரண்டு வருடம் கழித்துப் பொருளாதாரத்தில் ஆசை வந்தது. நான் போய் நின்ற துறையில் கேட்ட முதல் கேள்வியே, கணக்கு படித்தாயா என்பதுதான். தனியாகப் படித்து, தேர்வெழுதி, சேர்வதற்கு முழுசாக ஒரு வருடம் போயிற்று. சைக்காலஜி மட்டும் விட்டுவிடுமா என்ன, ஆய்வு முறை, புள்ளியியல் என்று எண்கள் அங்கேயும் வந்து நிற்கும்.

பாடம் மட்டுமில்லை, சில வேலைகளுக்கு உடம்பையும் வாசலிலேயே பார்ப்பார்கள். விமானி ஆக வேண்டும் என்று ஒரு பையன் வந்தான். இயற்பியல், கணக்கு, ஆங்கிலம் எல்லாம் பக்கா, பயிற்சிப் பள்ளிக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அப்புறம்தான் மருத்துவப் பரிசோதனை. அவனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தது, அதுவரை அவனுக்கே தெரியாது. இந்தக் குறையைக் கண்டுபிடிக்க, ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட வண்ணப் புள்ளிப் படங்களைச் சில நிமிடம் பார்த்தால் போதும். அதில் தவறினாலே கதை முடிந்தது என்றில்லை, மேற்கொண்டு சோதனைகள் உண்டு. அவன் அவற்றிலும் தேறவில்லை. கப்பலைச் செலுத்தும் அதிகாரிக்கும் இதே கதைதான். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எது எதுவென்று தெரியாவிட்டால், எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படிச் சொல்வது? ஆக விதிமேல் எனக்குக் கோபமில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு பரிசோதனைக்கு அனுப்பிய அந்தப் பயிற்சிப் பள்ளிமேல்தான் கோபம்.

அதனால் வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அந்த வேலைக்கு என்ன உரிமம், உரிமத்துக்கு என்ன பட்டம் அல்லது பயிற்சி, அதற்குப் பள்ளியில் என்ன பாடம், உடல்தகுதி உண்டா. எவ்வளவு காலம் ஆகும் என்பதும் அப்போதுதான் தெரியும். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது போதும், ஆனால் பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டனாக உட்கார வேண்டிய உரிமத்துக்குப் பன்னாட்டு விதிப்படி 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் வேண்டும்.

பட்டம் எங்கே செல்லும் என்று கேட்காதது

வேறு நாட்டில் வேலை என்று கனவு இருந்தால், சேரும் முன்பே கேளுங்கள். பொறியியல் பட்டங்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள, 1989-இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் தொடங்கிய வாஷிங்டன் ஒப்பந்தம் இருக்கிறது. உங்கள் நாடு அதில் இருப்பது மட்டும் போதாது, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயரை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

ஆங்கிலத் தேர்வை அவசரப்பட்டு எழுதுவது

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டுக்கும் மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆர்வச் சோதனையை ஜாதகம் போல நம்புவது

ஆறு வகை ஆளுமை என்று வரும் சோதனைகள் பெரும்பாலும் ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளரின் கோட்பாட்டிலிருந்து வந்தவை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று அவை கொஞ்சம் காட்டும். எது வரும் என்று காட்டாது.

"இதுக்கு ஸ்கோப் இருக்கா?"

யாருக்கு, எங்கே, எந்த வருடத்தில்?

நண்பன் சேரும் கோர்ஸிலேயே சேர்வது

வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் சைக்காலஜி பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து, புள்ளியியல் என்று வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடச் சொன்னேன். மூன்றாவது கோட்டிலேயே நிமிர்ந்து, பாடத்தை மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறதா என்று கேட்டாள். நாளைக்குக் காலையிலேயே பள்ளியில் விசாரிக்கச் சொல்லி அனுப்பினேன்.