மெழுகுவர்த்தி சோதனையை வைத்து வகுப்பைப் பேச வைப்பது எப்படி?

தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் குட்டை மெழுகுவர்த்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். “ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது” என்ற தவறான விளக்கம் சட்டென்று தோன்றும். அதனால்தான் ஏழாம், எட்டாம் வகுப்பில் பேச்சுக்கு இது அவ்வளவு தோதானது.

1. பற்றவைக்கும் முன், என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். இல்லையென்றால் முதலில் கை தூக்கியவரின் பதிலே வகுப்பின் பதிலாகிவிடும்.

2. மூன்று பேர் குழு, நான்கு நிமிடம். ஒரே முடிவுக்கு வர வேண்டும். வராவிட்டால் எதில் வேறுபடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஐந்து பேர் வேண்டாம், இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

3. சோதனை. விளிம்பில் குமிழி வருகிறதா, தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். டம்ளரைச் சுடருக்கு மேலே பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். காற்று முன்பே சூடாகி வெளியேறிவிடும், குமிழி தெரியாது.

4. பேச்சு பெரும்பாலும் இங்கேதான் செத்துப்போகிறது. “ஆக்சிஜன் தீர்ந்துடுச்சு டீச்சர்” என்றதும் “சரி” என்றாலும் “தப்பு” என்றாலும் அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். மூன்று நொடியானதும் பதில்கள் நீண்டன. மாணவர் பேசி முடித்த பிறகும் அதே மூன்று நொடி தேவை. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு கேளுங்கள்: “அப்படின்னா சுடர் எரியும்போதே ஏறியிருக்கணுமே, நீ பார்த்தது என்ன?”

5. அதே டம்ளர், மூன்று மெழுகுவர்த்தி. உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை. ஆனால் தண்ணீர் கூடுதலாக ஏறும். மறுபடி குழுவில் வாதிக்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் விளக்குங்கள்: சூட்டில் விரிந்த காற்று குமிழியாக வெளியேறியது; மிச்சம் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்தது; வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளியது. இந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அழுத்தம் என்ற கருத்து பேச்சிலிருந்து தானாக முளைக்காது.

பிறகு சேர்த்தது: நாற்பது பேர் வகுப்பில் எல்லாக் குழுவையும் கேட்க நேரம் இருக்காது. மாறுபட்ட மூன்று விளக்கங்களை மட்டும் மாணவர்களின் சொற்களிலேயே கரும்பலகையில் எழுதி, நான்காம் படிக்குப் பின் ஒருமுறை, மூன்று மெழுகுவர்த்திக்குப் பின் ஒருமுறை கை தூக்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போர்டைவிடக் கரும்பலகையே மேல்: பாடம் முடியும்வரை மூன்றும் கண்முன் இருக்கும்.