வானொலி வழியே ஜாஸ் வரலாறு: தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

ஜாஸ் வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் சிறந்த இசைத்தட்டுகளின் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். பத்துத் தட்டுகள் கேட்டதும் சலித்துவிடுகிறார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் என்ன உறவு என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. ஜாஸோ ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கூர்ந்து கேட்டு, அதன்மேல் தம் மனோதர்மத்தை ஏற்றி வளர்த்த இசை. எனவே யார் யாரோடு வாசித்தார், யார் யாரைக் கேட்டார் என்ற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவதே நல்ல வழி. அந்தச் சங்கிலியைக் காட்டுவதில் வானொலிக்கு இணை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நிலையத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூகேசிஆர், நியூவர்க்கில் டபிள்யூபிஜிஓ, நியூ ஆர்லியன்ஸில் டபிள்யூடபிள்யூஓஇசட் ஆகிய மூன்றையும் இணையத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். வரலாறு கற்க நான் பரிந்துரைப்பது முதல் நிலையத்தை. சாக்ஸபோன் வாசிப்பாளர் சார்லி பார்க்கரின் பதிவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு தொகுப்பாளர் ஃபில் ஷாப் பல பத்தாண்டுகள் காலை நிகழ்ச்சி நடத்தியது அங்கேதான். ஒரே பாடலின் அடுத்தடுத்த முயற்சிகளைக்கூட ஒப்பிட்டு விளக்கியவர் அவர், 2021இல் மறைந்தார். இசைஞர்களின் பிறந்தநாளில் நாள் முழுவதும் அவர்களின் பதிவுகளையே ஒலிபரப்பும் மரபும் அந்நிலையத்துக்கு உண்டு. நியூயார்க்கில் காலை 8 மணி என்பது நமக்கு அங்குள்ள கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

அடுத்து ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: தலைமை வாசிப்பாளர், உடன் வாசித்தவர்கள், பதிவான நாள், பதிவான ஊர். தொகுப்பாளர் இவற்றைப் பாடலுக்கு முன்போ பின்போ சொல்வார். தவறவிட்டால் நிலையத்தின் இணையதளத்தில் பாடல் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். உடன் வாசித்தவர்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். இன்று பக்கத்தில் வாசிப்பவர்தான் நாளைய தலைவர், சங்கிலியின் அடுத்த கண்ணியும் அவரே.

இப்போது ஒரு சங்கிலியை நாம் சேர்ந்தே தொடர்வோம். 1923இல் கிங் ஆலிவரின் குழு இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்டில் பதிவுசெய்த பாடல்களில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிப்பவர் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன் நின்று அனைவரும் வாசிக்க, அந்த ஒலியே மெழுகுத் தட்டில் ஊசியை அசைத்தது. டிரம்ஸ் ஓசை உங்களுக்கு மங்கலாகக் கேட்டால் அதற்கு அந்தப் பதிவுக் கருவியே காரணம், வாசிப்பவரின் குறையன்று. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும் தட்டு அது என்பதையும் நினைவில் வைத்துக் கேளுங்கள்.

பிறகு 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' எப்போது ஒலித்தாலும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மெட்டு ஆலிவருடையது. துணையின்றித் தனித்தெழும் டிரம்பெட் முகப்போ முழுக்க முழுக்கச் சீடருடையது. குழுவின் மற்றக் கருவிகள் வந்து சேர்வதற்குள்ளாகவே ஒரு புதிய காலம் தொடங்கிவிட்டதை உணர முடியும். பியானோ வாசித்தவர் ஏர்ல் ஹைன்ஸ். அவர் பெயரை அடிக்கோடிடுங்கள்.

ஹைன்ஸ் அதே ஆண்டின் இறுதியில் சிகாகோவின் கிராண்ட் டெரஸ் விடுதியில் சொந்தக் குழுவோடு வாசிக்கத் தொடங்கினார். பின்னர் அங்கிருந்து வானொலி நேரலைகள் நாடெங்கும் சென்றன. ஓக்லஹோமாவில் இருந்தபடி அவற்றைக் கேட்டுப் பியானோ கற்றவர்களில் ஒருவர் ஜே மெக்‌ஷான். அந்த மெக்‌ஷான் பிற்காலத்தில் நடத்திய குழுவில்தான் சார்லி பார்க்கர் வாசித்தார். 1941இல் பதிவான 'ஹூட்டி புளூஸ்' பாடலில் அவருடைய சிறிய தனி வாசிப்பைக் கேட்கலாம். வானொலியே இங்கே சங்கிலியின் ஒரு கண்ணியாகிவிடுகிறது.

அடுத்த கட்டத்தில் நோட்டில் ஒரு வெற்றிடம் விழும். 1943இல் பார்க்கரும் டிரம்பெட் வாசிப்பாளர் டிசி கில்லெஸ்பியும் ஹைன்ஸின் குழுவிலேயே சேர்ந்து வாசித்தார்கள். புதிதாய் உருவாகிக்கொண்டிருந்த பீபாப் என்ற ஜாஸ் பாணி அங்கே முளைவிட்டது. ஆயினும் அந்தக் குழுவின் இசைத்தட்டு ஒன்றும் இல்லை. வானொலியும், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸும் தட்டுகளைச் சுழற்றி நேரடி வாசிப்பாளர்களின் பிழைப்பைப் பறிக்கின்றன என்று சொல்லி, அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவை நிறுத்திவைத்திருந்தது. பெரிய நிறுவனங்களான கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பரில்தான் உடன்பாட்டுக்கு வந்தன. ஆகவே இந்த ஆண்டுகளின் பக்கத்தை வெறுமையாகவே விட்டு, காரணத்தை மட்டும் எழுதிவையுங்கள். இதை அறியாதவருக்கு பீபாப் வானத்திலிருந்து குதித்ததுபோல் தோன்றும்.

வெற்றிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பதிவுகளை ஒரே மாலையில் கேட்பதுதான் இந்தச் செய்முறையின் மிக முக்கியமான பயிற்சி. முதலில் 'ஹூட்டி புளூஸ்'. உடனே 1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் பதிவான பார்க்கரின் 'கோ-கோ'. வானொலியில் இரண்டும் அடுத்தடுத்து வருவது அரிது என்பதால், இதற்கு மட்டும் இணையத்தில் தேடி எடுத்துக்கொள்வதில் தவறில்லை. 'கோ-கோ'வின் அடித்தளம் 'செரோக்கி' என்ற பழைய பாடலின் சுரக்கூட்டு (கார்டு) வரிசை. பார்க்கர் அதன்மேல் பாய்ந்துசெல்லும் வேகம் முதல் தடவை பிடிபடாது. மூன்றாவது தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு மாக்ஸ் ரோச்சின் டிரம்ஸை மட்டும் பின்பற்றுங்கள், இசை வாக்கியங்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

அந்தப் பதிவு நாளின் மற்றப் பாடல்களில் டிரம்பெட் வாசித்தவர் பத்தொன்பது வயது மைல்ஸ் டேவிஸ். அவர் வழியே சென்றால் 1955இல் அவர் குழுவில் சேர்ந்த சாக்ஸபோன் வாசிப்பாளர் ஜான் கோல்ட்ரேனும், 1959இல் 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பும் வரும். அதில் பில் எவன்ஸ், விண்டன் கெல்லி என்ற இருவர் பியானோ வாசித்திருக்கிறார்கள். கெல்லி வாசித்தது ஐந்து பாடல்களில் ஒன்றே ஒன்று. எந்தப் பாடல் என்று செவியால் கண்டறிந்து முதலில் நோட்டில் எழுதிவிட்டு, அதன்பிறகு தொகுப்பாளர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.